முப்பத்தெட்டு பாயிண்ட்

இல்ல, மொதல்ல அந்த வரிய அடிங்க. மதிப்பீட்டாளர் தவறாகக் கணித்தார்னு போட்டிருக்கீங்களே, அது. நான் தப்பாக் கணிக்கல. இருபத்தொம்பது வருஷமா இந்த ஹோபார்ட்ல உக்காந்து இதே வேலையத்தான் பாக்குறேன். ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு முடிக்க எத்தன மாசம் ஆகும்னு நான் சொன்னா, முன்னபின்ன ஒண்ணு ரெண்டு மாசத்துல அது முடிஞ்சிருக்கும். கோழைன்னு எழுதுங்க, பேசாம கையெழுத்துப் போடுறேன். கணக்குத் தெரியாதவள்னு எழுதுனா போட மாட்டேன்.

மிஷின் ஓடுதா? ஓடட்டும். நல்லாப் பதியட்டும்.

ஃப்ரேயான்னுதானே சொன்னீங்க? பாருங்க ஃப்ரேயா, ஒரு மனுஷன் செத்துருக்கான். ஏன் செத்தான்னு விசாரிக்க உங்கள அனுப்பிருக்காங்க. சரி. ஆனா கம்பெனி குடுத்த பேப்பரப் படிச்சுட்டு வந்து, அதுல இருக்குறதையே என் வாயாலயும் சொல்ல வைக்கப் பாக்காதீங்க. அந்தப் பேப்பர எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும். அதுல என் பேருக்குப் பக்கத்துல பதினொரு மாசம்னு இருக்கும். நான் மொதல்ல சொன்னது இருபத்தாறு. அந்த இருபத்தாற எங்கயாவது பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. அது இருந்த தாள எடுத்துட்டுதான உங்களுக்குக் குடுத்திருப்பாங்க.

கோவந்தான். ஆனா உங்க மேல இல்ல. கேளுங்க.

எப்படிக் கணக்குப் போடுவேனா? நீங்க வீடு கட்டப் போறீங்கன்னு வைங்க. கட்டுறவர்கிட்ட போயி எத்தன மாசம் ஆகும்னு கேக்குறீங்க. அவரு திருப்பி என்ன கேப்பாரு? எவ்வளவு பெரிய வீடு, எத்தன ரூமுன்னு கேப்பாரு. சாஃப்ட்வேருக்கும் அப்படி ஒரு அளவு இருக்கு. ஆளுங்க உள்ள என்னென்ன போடுவாங்க, வெளிய என்னென்ன வரணும், எதெத அது ஞாபகம் வச்சுக்கணும், வேற எந்தெந்த சிஸ்டத்தோட பேசணும். ஒவ்வொண்ணா எண்ணி, சுலபமா கஷ்டமான்னு பாத்து, இதுக்கு இத்தன பாயிண்ட்டுன்னு போடுவோம். மொத்தமாக் கூட்டுனா அதுதான் சைஸ். அப்புறம் நம்மாளுங்க மாசத்துக்கு எத்தன பாயிண்ட் முடிப்பாங்கன்னு பழைய வேலைங்கள எடுத்து வச்சுப் பாக்கணும். வகுத்தா மாசம் வந்துரும். ஸ்கூல் பிள்ளைங்க போடுற வகுத்தல்தான். இதுல வித்தையே கிடையாது.

வித்தை எங்கன்னா எண்ணுறதுல. எத விட்டோம்னு தெரியாம விட்டுட்டா முடிஞ்சுது.

நான் விடல. மூணு வாரம் எண்ணுனேன். ஆபீஸ்ல உக்காந்து இல்ல, இந்த சிஸ்டத்தக் கேட்ட பராமரிப்பு நிறுவனத்து ஆளுங்களோட காருல போயி. வீட்டுல தனியா கெடக்குறவங்க, நடக்க முடியாதவங்க, இவங்க வீட்டுக்கெல்லாம் போயி குளிப்பாட்டி, மாத்திரை குடுத்து, சூப்பச் சூடு பண்ணி வச்சுட்டு வர்ற பொம்பளைங்க. ஹுவான்வில்லேருந்து தெக்க ஒரே நாள்ல ஒம்பது வீடு போனேன் ஒரு பொம்பளையோட. ஒவ்வொரு வீட்டுலயும் அது என்ன எழுதுது, யாருக்குப் போன் பண்ணுது, எந்தக் கதவுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியிலன்னு எப்படி ஞாபகம் வச்சுக்குதுன்னு, பின்னாலயே நின்னு குறிச்சேன். என் தாள்ல இருநூத்திப் பதினாலு வரி.

அவங்க ஆபீஸ்ல மாரீன்னு ஒருத்தி இருந்தா. வேலைய ஒருங்கிணைக்கிறவ. அவளுக்குப் பின்னால சுவத்துல ஒரு வெள்ளைப் பலகை, பூரா காந்தம். ஒவ்வொரு காந்தமும் ஒரு வீடு. போன பொம்பளை வேல முடிஞ்சதும் போன் பண்ணுவா, மாரீன் அந்தக் காந்தத்த வலதுபக்கம் நகத்துவா. நான் போயி நின்னப்ப பேச்சுக்கு நடுவுல சட்டுன்னு எந்திரிச்சுப் போனை எடுத்தா. எங்கடி இருக்க, அந்தம்மா காத்துக்கிட்டிருக்கும்னா. ஆள் வரலன்னு உனக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். யாரு சொல்லணும், காந்தம் நகரலியேன்னா.

அத எழுதுனேன். தாள்ல அந்த வரிக்கு ஆள் வரலன்னுதான் பேரு வச்சேன். ஒருத்தர் வீட்டுக்கு ஆள் போக வேண்டிய நேரம் தாண்டி கால் மணி நேரமாச்சுன்னா, சிஸ்டம் தானாப் பாத்து ஒருங்கிணைக்கிறவங்களுக்குச் சொல்லணும். அவங்க அரை மணி நேரம் கண்டுக்கலன்னா மேல இருக்கவருக்குச் சொல்லணும். யாரு என்ன பண்ணாங்கன்னு எழுதி வச்சுக்கணும். இதெல்லாம் சேத்து முப்பத்தெட்டு பாயிண்ட். கூடவும் இல்ல, கொறச்சலும் இல்ல.

மொத்தம் ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பது. எங்ககிட்ட ஒம்பது பேரு. அதுக்கு முன்னால செஞ்ச ஆறு வேலையப் பாத்தா, ஒரு ஆளு மாசத்துக்கு எட்டு பாயிண்ட் முடிச்சிருக்கான். நீங்களே வகுத்துக்கோங்க. இருபத்தஞ்சரைக்கு மேல வரும். இருபத்தாறு மாசம்னு எழுதி, இருபத்திரண்டுல முடிஞ்சாலும் முடியலாம், முப்பத்தொண்ணு ஆனாலும் ஆகலாம்னும் எழுதி, வார்விக்குக்கு அனுப்புனேன்.

வார்விக் யாருன்னு உங்களுக்குத் தெரியும், போன வாரம் இதே நாற்காலியில உக்காந்திருப்பாரு. எனக்கு மேலதிகாரி. சிரிச்ச முகம். ஆபீசுக்கு வர்றப்பவே எல்லாருக்கும் ஸ்காலப் பை, அதான் சிப்பிக் கறி வச்சுச் சுட்டது, வாங்கிட்டு வருவாரு. மனுஷன் கெட்டவர்னு நான் சொல்லல. கெட்டவரா இருந்தா நான் சண்ட போட்டிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கூப்பிட்டாரு. தின்னுக்கிட்டிருந்த ஸ்காலப் பையோடயே போனேன். கதவச் சாத்திட்டு, க்ளெனிஸ், அடுத்த ஜூலை ஒண்ணாந்தேதி இது ஓடணும்னாரு. யாரு சொன்னான்னேன். அவங்க தலைவர் பணியாளுங்க கூட்டத்துல கேக் வெட்டிச் சொல்லிட்டாராம், புது வருஷக் கணக்கு ஆரம்பிக்கிற அன்னைக்கே புது சிஸ்டம்னு. எண்ணுனது யாருன்னேன். யாரும் எண்ணல க்ளெனிஸ், அது ஒரு தேதின்னாரு. ஒரு தேதி. கேக்குல க்ரீம வச்சு எழுதியிருந்தாங்களாம். நான் மூணு வாரம் அவங்க பொம்பளைங்க பின்னால பாத்ரூம் வாசல்ல நின்னு எண்ணிருக்கேன், அந்தப் பக்கம் ஒருத்தன் க்ரீமுல எழுதிட்டான்.

நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லலம்மா, இன்னொரு தடவ பாருன்னுதான் சொல்றேன்னாரு.

இத எழுதிக்கிட்டீங்களா? இந்த இடத்துல நிறுத்திக் கேளுங்க, இந்தத் தொழில்ல எவன வேணா கேளுங்க. இன்னொரு தடவ பாருன்னு சொல்றதுக்கு என்ன அர்த்தம்னு. நான் மறுபடி பாத்து முப்பதுன்னு வந்திருந்தா அவரு ஏத்துக்கிட்டிருப்பாரா? கீழ வர்ற வரைக்கும் பாருன்னு அர்த்தம்.

சரி, பாத்தேன். எப்படி எறக்குனோம்னு சொல்றேன், கேளுங்க. மொதல்ல ஒம்பது பேர பன்னண்டு ஆக்குனோம். மூணு பேரு புதுசு, அவங்களுக்கு வேல கத்துக்குடுக்கவே பழைய ஆளுங்களுக்குப் பாதி நாள் போயிரும், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்புறம் ஆளுக்கு எட்டு பாயிண்ட்ங்கிறத பத்து ஆக்குனோம். ஏன் பத்து? புதுசா ஒரு கருவி வாங்குறோம், அதுல வேகமா வேல நடக்குமாம். அதுவரைக்கும் அந்தக் கருவிய எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் தொட்டதில்ல. அப்புறம் சைஸ வெட்டுனோம். அறிக்கைங்க வேண்டாம். பழைய விவரத்த மாத்துறப்ப சரிபாக்குறது வேண்டாம். பயிற்சிக்கு இருக்குற திரைங்க வேண்டாம். நானூத்தித் தொண்ணூத்திரண்டு பாயிண்ட் போச்சு. எல்லாம் ரெண்டாவது கட்டத்துல செஞ்சுக்கலாம்னு ஒரு தனித் தாள்ல எழுதி வச்சோம். ரெண்டாவது கட்டம்னா உங்களுக்குப் புரியுதா? எங்க தொழில்ல அது குப்பைத் தொட்டிக்கு மரியாதையான பேரு.

இவ்வளவும் பண்ணிட்டு வகுத்தா பதினொண்ணே காலுக்குக் கிட்ட வருது. ஆயிரத்தி முன்னூத்தி நாப்பத்தெட்டு பாயிண்ட், மாசத்துக்கு நூத்தியிருபது. நான் பன்னண்டுன்னு எழுதப் போனேன். பன்னண்டு போட்டா ஜூலை ஒண்ணு இல்ல, ஆகஸ்ட் ஒண்ணு. வார்விக் மணியப் பாத்தாரு. அன்னைக்கு மூணு மணிக்கு அவங்ககிட்ட நம்பரக் குடுக்கணும். எங்கயாவது முப்பது நாப்பது எடு க்ளெனிஸ், எதுன்னு நீயே பாத்துக்கோ, எனக்கு உன் மேல முழு நம்பிக்கைன்னாரு. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. யாருக்கோ போன் பண்ணணும்னு.

தண்ணி இருக்கா? குடுங்க.

எடுத்தது நான்தான். வார்விக் இல்ல. அவரு ரூமுலயே இல்ல. நான் தாள மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தேன். பத்துப் பாயிண்ட் வரி, ஆறு பாயிண்ட் வரி, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டிருக்கு, ஒண்ண எடுத்தா இன்னொண்ணு நிக்காது. தனியா, எதையும் தொடாம, அப்படியே உருவக்கூடிய மாதிரி இருந்தது ஒரே ஒரு வரி. ஆள் வரல. முப்பத்தெட்டு. எடுத்துட்டா ஆயிரத்தி முன்னூத்திப் பத்து. வகுத்தா பதினொண்ணுக்குக் கொஞ்சம் கீழ. கச்சிதமா உக்காந்துச்சு. எடுத்தப்ப எனக்கு ஒரு நிம்மதிகூட வந்துச்சு, கணக்கு சரியா வந்தா வருமே அந்த நிம்மதி.

ஏன் அதுன்னா, மாரீன் இருக்காளேன்னு நெனச்சேன். பலகை இருக்கே. ரெண்டாவது கட்டம் வர்ற வரைக்கும் அவ கண்ணால பாத்துக்குவா. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

இல்ல ஃப்ரேயா, அப்படி எழுதாதீங்க. அழுத்தம் காரணமாகன்னு போடாதீங்க. நீங்க எனக்கு நல்லது பண்றதா நெனைக்கிறீங்க, புரியுது. அழுத்தம் இருந்துச்சுதான். ஆனா என் கைய யாரும் பிடிக்கல. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன ஆகியிருக்கும்? வார்விக் மூஞ்சியத் தொங்கப்போட்டிருப்பாரு. ரெண்டு மாசம் எனக்கு ஸ்காலப் பை வந்திருக்காது. அவ்வளவுதான். அம்பத்தேழு வயசுப் பொம்பள, முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல. அத எழுதுங்க.

அதுக்கப்புறம் வேல எப்படி நடந்துச்சுன்னா, எப்படி நடக்கும். ஏழாவது மாசத்துல பாதிகூட முடியல. புதுக் கருவிய ஒதுக்கி வச்சாச்சு. சனி ஞாயிறு வரச் சொன்னாங்க. புதுசா வந்த மூணு பேருல ரெண்டு பேரு ஓடிட்டாங்க. ப்ரோகிராம் எழுதுறவங்களுக்கெல்லாம் தலைவன் விரெமு, நியூசிலாந்துக்காரன், அந்த ஊர்ப் பூர்வகுடி, மாவோரி. ஆறடிக்கு மேல இருப்பான், குரல் மட்டும் பூனை மாதிரி. அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆன வாரம்கூட லீவு போடல. அவன எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவன் முன்னால நிக்கவே எனக்குக் கூசிச்சு. அவனுக்குக் குடுத்த பதினொரு மாசம் என் கையெழுத்துல இருக்குல்ல.

மே மாசம் ஒரு மத்தியானம் என் மேசைக்கு வந்தான். பரிசோதன பண்ணிக்கிட்டிருந்தாங்க. க்ளெனிஸ், ஒரு சந்தேகம், பராமரிப்பு ஆள் போகலன்னா இது யாருக்குச் சொல்லும்னான். யாருக்கும் சொல்லாதுன்னேன். யாருக்குமா? ரெண்டாவது கட்டம்னேன். ஒரு ஆளப் பட்டியல்லேருந்து எடுத்துட்டா அந்தாள் போக வேண்டிய வீடெல்லாம் சேந்து காணாமப் போயிருது, அங்க போக ஆள் இல்லன்னு ஒரு சிவப்புக்கூட காட்டல, இது சரியில்லியேன்னான். தெரியும்னேன். தெரியுமான்னு கேட்டுட்டு என்னப் பாத்தான் பாருங்க. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். அவங்க ஊருல பெரியவங்களத் திட்ட மாட்டாங்க போல. சரி க்ளெனிஸ்னுட்டுப் போயிட்டான்.

அன்னைக்கே வார்விக்கிட்ட போனேன். இது எழுத்துல இருக்கு, மே பத்தொம்பது, மெயில் அனுப்பிருக்கேன், அதயும் உங்களுக்குக் குடுத்திருக்க மாட்டாங்க, நான் பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கேன், இந்தாங்க. அந்த முப்பத்தெட்டத் திருப்பிப் போடணும், தேதி ரெண்டு வாரம் தள்ளட்டும்னு எழுதிருக்கேன் பாருங்க. பதில் கீழ இருக்கு. ஒரே வரி. அது ரெண்டாவது கட்டத்துல இருக்கு, இப்ப தொட வேண்டாம், நன்றி. நன்றிய மறக்கல மனுஷன்.

நான் அதோட விட்டுட்டேன். மெயில் அனுப்பிட்டோம்ல, நம்ம கடமை முடிஞ்சுதுன்னு. எனக்கே பாதுகாப்பா ஒரு காகிதம் சேத்து வச்சுக்கிட்டேன், அவ்வளவுதான் நான் பண்ணுனது.

ஜூன் கடைசியில அவங்க ஆபீசுக்கு ஒரு வேலையாப் போனேன். சுவத்துல பலகை இல்ல. நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்துச்சு. மாரீன் நாற்காலியில யாரோ ஒரு கைப்பையப் போட்டு வச்சிருந்தாங்க. அவளையும் இன்னும் மூணு பேரையும் அனுப்பிட்டாங்களாம். புது சிஸ்டம் எல்லாத்தையும் பாத்துக்கும்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு நாலு பேருன்னு அவங்க தலைவர் கேட்டாரு. கேட்டது அவரு தப்பில்ல. நாங்க குடுத்த பேப்பர்ல முதல் பக்கத்துல அப்படித்தான் இருந்துச்சு. எத எடுத்தோம்ங்கிறது நாப்பத்தி ஏழாம் பக்கம், இணைப்புல, சின்ன எழுத்துல.

ஆமா, அன்னைக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சப்ப ஓட ஆரம்பிக்க இன்னும் ஒரு வாரம் இருந்துச்சு. எழுதிக்கோங்க.

ஜூலை ஒண்ணு ஓட ஆரம்பிச்சுது. போட்டோ எடுத்தாங்க. நான் அதுல இடது ஓரத்துல நிக்கிறேன். மூணாவது வாரம் வெள்ளிக்கிழம, தெக்குப் பகுதிக்குப் போற ஒரு பொம்பள வேலைய விட்டா. வேற இடத்துல வேல கெடச்சுது, போயிட்டா, அவ மேல என்ன குத்தம். ஆபீஸ்ல அவ பேர சிஸ்டத்துலேருந்து எடுத்தாங்க, எடுக்கத்தானே செய்வாங்க. விரெமு சொன்னானே, அதே மாதிரி. அவ சனி, ஞாயிறு, திங்கள் போக வேண்டிய எட்டு வீடும் திரையிலேருந்து போயிடுச்சு. சிவப்பும் இல்ல, மணியும் அடிக்கல. ஆபீஸ்ல உக்காந்திருந்த பிள்ளைக்கு அன்னைக்கு எல்லாம் பச்சையாத்தான் தெரிஞ்சிருக்கும்.

ஏழு வீட்டுல எப்படியோ சமாளிச்சுக்கிட்டாங்க. ஒருத்தருக்கு மக இருந்தா, ஒரு கிழவி தானே போன் பண்ணி சத்தம் போட்டுச்சு. அந்தப் போனுக்கப்புறமாவது மத்த ஏழையும் பாத்திருக்கலாம், பாக்கல, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஆள அனுப்பிட்டு விட்டுட்டாங்க. எட்டாவது, நீங்க பேரச் சொல்லாம ஃபைல் நம்பர வச்சு முப்பத்தொண்ணு முப்பத்தொண்ணுன்னு சொல்லிக்கிட்டிருக்கீங்களே, அந்த ஆள். தெக்குக் கோடியில, டோவர்ல இருந்தாரு. வெள்ளிக்கிழம சாயந்தரம் சக்கர நாற்காலியிலேருந்து கட்டிலுக்கு மாறுறப்ப விழுந்தாரு. சொன்னாக் கேட்டாத்தானே, வலது தோள்ல பலம் இல்லாததால எப்பவும் இடதுபக்கமாத்தான் எறங்குவான், அங்க கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்து, ஒரு ஆள் படுக்குற அகலம்கூட இல்ல. அதுல மாட்டுனா கைய ஊனவும் முடியாது. போன் சமையலறை மேசையில. ஹீட்டர சிக்கனமாத்தான் போடுவான். ஜூலை மாசக் குளிரு, டோவர்ல காலையில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடக்கும். செவ்வாய்க்கிழம காலையில போஸ்ட்மேன் கதவத் தட்டிப் பாத்துட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு. உசுரு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில ஒம்பது நாள். அப்புறம் சிறுநீரகம் நின்னுபோச்சு.

என்னது? எந்தப் பக்கம் எறங்குவான்னு எனக்கு எப்படித் தெரியும்னா?

ஃபைல்ல இல்லியா அது. சரி. இருக்காது.

அந்த வீடு எனக்குத் தெரியும். இல்ல, எண்ணுறதுக்குப் போனப்ப இல்ல, அந்த ஒம்பது வீட்டுல அது வரல. அந்தக் கட்டில அந்த இடத்துல போட்டதே நானும் பக்கத்து வீட்டுக்காரரும்தான். ஜன்னல் வழியாத் துறைமுகம் தெரியணும்னு அடம்பிடிச்சான். முப்பது வருஷம் சிங்கி இறால் பிடிக்கிற படகுல போனவன், கயிறு இழுத்து இழுத்துத் தோள் போச்சு, அப்புறம் படகுலயே விழுந்து முதுகும் போச்சு. முர்ரே ட்ரிஃபிட். எனக்கு ஹேஸல்வுட்டுங்கிறது கல்யாணத்துக்கப்புறம் வந்த பேரு. அதுக்கு முன்னால நானும் ட்ரிஃபிட்தான். அவன் என் அண்ணன்.

உங்க ஃபைல்ல நெருங்குன சொந்தம்னு பெர்த்துல இருக்குற அவன் மக பேருதான் இருக்கும். அவதான் கையெழுத்துப் போட்டா, அவதான் வந்து அடக்கம் பண்ணா. நான் பின்வரிசையில உக்காந்திருந்தேன். கம்பெனியில யாருக்கும் தெரியாது. வார்விக் அந்த வாரம் பூராவும் அந்த முப்பத்தொண்ணு, அந்த முப்பத்தொண்ணுன்னு என் முன்னாலயே பேசிக்கிட்டிருந்தாரு, நானும் தலையாட்டிக்கிட்டிருந்தேன். விரெமு திங்கக்கிழம இங்க வர்றான்னு சொன்னீங்க. அவனுக்கும் தெரியாது. நீங்களாச் சொல்லாதீங்க, நானே சொல்லிக்கிறேன்.

வேண்டாம், நிறுத்தாதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. இன்னொரு நாள்னா நான் வர மாட்டேன், எனக்கே தெரியும்.

சொன்னேன், சொல்லாம இருப்பேனா. ஜூன் கடைசியில, பலகை போனதப் பாத்துட்டு வந்த அந்த வாரம், போயி சொன்னேன். முர்ரே, சிஸ்டம் மாறுது, ஆள் வரலன்னா எனக்குப் போன் பண்ணுன்னேன். நீ எண்ணிக் குடுத்ததுதானே, ஒழுங்காத்தான் இருக்கும்னான். டீ போடச் சொன்னான். போட்டுக் குடுத்தேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

அந்த சனிக்கிழமையா? ஆமா, சனிக்கிழமதான் நான் வழக்கமாப் போற நாள். ஒவ்வொரு சனியும் போவேன், ஒண்ணேகால் மணி நேரம் கார். அன்னைக்குப் போகல. ஆபீஸ்ல இருந்தேன். ரெண்டாவது கட்டத்துக்கு நம்பர் வேணும்னு வார்விக் கேட்டிருந்தாரு, அந்த வெட்டுன வரிங்களையெல்லாம் எடுத்து வச்சு எண்ணிக்கிட்டிருந்தேன். அவன் போன்ல ஒரு மிஸ்டு கால் இருக்குன்னு உங்க பேப்பர்ல இருக்குல்ல, பதினொண்ணே காலுக்கு, யாருன்னு தெரியலன்னு. அது நான்தான். அடிச்சுது, அவன் எடுக்கல. குளிப்பாட்ட ஆள் வந்திருக்கும்னு நெனச்சு வச்சுட்டு, திரும்ப எண்ண உக்காந்துட்டேன்.